விளிம்பிலிருந்து மையம் நோக்கி: விழிவெண்படலச் சீரமைப்பின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

மருத்துவ விஞ்ஞானத்தின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒருவர் கண்டுபிடித்தார், உலகம் பயன்பெற்றது என்ற அளவில் அது முடிந்துவிடுகிறது. யாருடைய நோய் ஆராயப்பட்டது, யாருடைய உடல் பரிசோதனைக்குக் களமாயிற்று, கிடைத்த பயன் யாரிடம் சென்று சேர்ந்தது என்ற வினாக்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் பொருள் அளவாற் சிறியது. ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பும் பன்னிரண்டு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த விட்டமும் உடைய விழிவெண்படலம் என்ற ஒளியூடு இழையத்தைச் சீர்செய்வதற்கு மனிதர் மேற்கொண்ட முயற்சிகளே அது. எனினும், மேற்குறித்த வினாக்கள் அனைத்தையும் எழுப்புவதற்கு அவ்விழையம் போதுமானதாகும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். விழிவெண்படலம் என்று பாடநூல்கள் குறிக்கும் இவ்வுறுப்பு உண்மையில் வெண்ணிறமானதன்று. அது கண்ணாடி போன்றது. அதன் பின்னாலுள்ள கதிராளியின் நிறமே நமக்குத் தெரிவதால் மக்கள் வழக்கில் அது 'கருவிழி' எனப்படுகிறது. அது வெண்மையாகும்போது பார்வை போய்விடுகிறது. அந்நிலையைத்தான் 'கண்ணிற் பூ விழுந்தது' என்று நம் முதியோர் கூறினர். பூ விழுந்த கண்ணுக்குப் பரிகாரம் இல்லையென்பதே நூற்றாண்டுகளாக நிலவிய முடிவு. மற்றொரு கண்ணை எடுத்து அப்பலாம் என்ற எண்ணம் மருத்துவத்தில் அன்றிப் புராணத்திலேயே இடம்பெற்றது. காளத்தியிற் கண்ணப்பர் தம் கண்ணை அகழ்ந்து அப்பியதைச் சேக்கிழார் பாடியதும், சிவி மன்னன் கண்தானம் செய்ததைப் பௌத்த சாதகக் கதை கூறுவதும் அறுவை மருத்துவத்துக்குச் சான்றுகள் ஆகமாட்டா. 'எல்லாம் முன்பே நம்மிடம் இருந்தது' என்று வாதிடுவோருக்கு இதனை நாம் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் அக்கதைகள் கண்ணைக் கொடுக்கத்தக்க பொருளாகக் கருதும் மனநிலையை வளர்த்தன என்பதையும், அம்மனநிலை பின்னர் ஒரு சமூகச் சக்தியாக மாறியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஐரோப்பாவில் இம்முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் தொடங்குகிறது. 1789 இல் பிரெஞ்சு மருத்துவரான பெலியே த கென்சி மங்கிய படலத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் துண்டைப் பொருத்தலாம் என்று எழுதினார். 1824 இல் ஜேர்மனியரான றைசிங்கர் விலங்குகளிற் படலமாற்றத்தை முயன்றார். அயர்லாந்து மருத்துவரான பிகர் எகிப்திற் கைதியாக இருந்த காலத்தில் ஒரு மானின் கண்ணில் மற்றொரு மானின் படலத்தை ஒட்டி, அதனை 1837 இல் அறிவித்தார். விலங்கின் படலத்தை மனிதனுக்கு ஒட்டிய முயற்சிகள் தோல்வியுற்றன. உணர்வு நீக்கி மருந்துகளும் கிருமியகற்றும் முறைகளும் வந்து சேரும் வரை இவை வெறும் துணிச்சல்களாகவே எஞ்சின.

1905 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி, அன்றைய ஒஸ்திரோ–ஹங்கேரியப் பேரரசிலிருந்த ஒல்முட்ஸ் நகரில் (இன்றைய செக் நாட்டின் ஒலொமோட்ஸ்) எட்வாட் சிர்ம் என்ற மருத்துவர் நிகழ்த்திய சத்திரசிகிச்சையே மனிதரில் வெற்றிபெற்ற முதலாவது முழுத்தடிப்புப் படலமாற்றமாகக் கொள்ளப்படுகிறது. நூல்கள் இந்நிகழ்ச்சியைச் சிர்மின் சாதனையாகக் கூறி அப்பாற் செல்கின்றன. நாம் சற்று நின்று நோக்கவேண்டும். நோயாளி ஒரு கூலித்தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் வெந்து பார்வையிழந்தவர். படலத்தை அளித்தது பதினொரு வயதுச் சிறுவனொருவனின் கண். இரும்புத் துணுக்குப் பாய்ந்து கெட்டுப்போன அக்கண் அகற்றப்பட வேண்டியிருந்தது. அதன் படலத்திலிருந்து எடுத்த துண்டுகள் தொழிலாளியின் இரு கண்களிலும் வைக்கப்பட்டன. ஒன்று கெட்டது, மற்றையது தெளிவாக நிலைத்தது. அவர் மீண்டும் தொழிலுக்குச் சென்றார். சுண்ணாம்பும் இரும்பும், அதாவது கட்டட வேலையும் பட்டறையும், இச்சிகிச்சையின் தோற்றுவாயிலேயே நிற்பதை நாம் காண்கிறோம்.

சுண்ணாம்பு ஏன் இவ்வளவு கொடியது? அமிலம் கண்ணிற் பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதங்கள் உறைந்து, அவ்வுறைவே ஓரளவு தடுப்பாக நின்றுவிடுகிறது. காரமோ கலங்களின் மென்சவ்விலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக்கொண்டு உள்ளே செல்கிறது. சுண்ணாம்புத் துணிக்கைகள் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் காரத்தைக் கசியவிடுகின்றன. சூளையிலும் கட்டட வேலையிலும் ஈடுபடுவோருக்கு இது தொழில்வழி வரும் ஆபத்து. வெற்றிலையோடும் புகையிலையோடும் சுண்ணாம்பு பயிலும் நாடுகளில் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

சிர்மின் வெற்றிக்குப் பின்னர் எழுந்த முதன்மையான பிரச்சினை, கண் எங்கிருந்து கிடைக்கும் என்பதாகும். நோயுற்று அகற்றப்படும் கண்களை நம்பியிருக்கும் வரை இச்சிகிச்சை அபூர்வமானதாகவே இருக்க முடியும். இத்தடையை உடைத்தவர் ஒடேசாவிற் பணியாற்றிய சோவியத் மருத்துவர் விளாடிமிர் பிலாத்தொவ் (1875–1956). இறந்தோரின் கண்ணைக் குளிரில் வைத்துப் பேணிப் பயன்படுத்தலாம் என்பதை 1930களில் பெருந்தொகையான சிகிச்சைகள் வாயிலாக அவர் நிறுவினார். சிகிச்சை தனிமனிதத் திறமை என்ற நிலையிலிருந்து பொதுச் சுகாதாரம் என்ற நிலைக்கு நகர்ந்தது இங்கேதான். 1944 இல் நியூயோர்க்கில் ரவுண்லி பேற்றன் கண் வங்கியைத் தொடக்கினார். பிரித்தானியா 1952 இல் இதற்கெனச் சட்டமியற்றியது. ('வங்கி' என்ற சொல்லாட்சி அமெரிக்க வாழ்க்கை முறையிலிருந்து வந்ததென்பதை ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லி வைக்கலாம். இடுவோர் எவரும் மீளப் பெறாத வங்கி இது ஒன்றே.)

இவ்விடத்தில் இலங்கைக்கு உரிய பங்கு சிறியதன்று. 1958 இல், மருத்துவ மாணவராக இருந்த ஹட்சன் சில்வா கண்தானம் வேண்டிப் பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களை அழைத்தார். 1961 இல் இலங்கைக் கண்தானச் சங்கம் தோன்றியது. 1964 இல் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அவை சென்றன. மூன்றாம் உலக நாடுகளின் மூலப்பொருள்கள் வெளியே சென்ற வரலாற்றை நாம் நன்கு அறிவோம். தேயிலையும் இறப்பரும் சென்ற வழியிலேயே கண்ணும் சென்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது சரியான மதிப்பீடாகாது. இங்கு சென்றது விலையின்றிக் கொடுக்கப்பட்ட பொருள். சாதகக் கதை கேட்டு வளர்ந்த எளிய குடும்பங்கள் தம் இறந்தோரின் கண்களை அந்நியர்க்கு அளித்தன. அடித்தளமே யாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இயந்திரப் பாங்காக வாதிடுவோருக்கு இந்நிகழ்வு சற்று இடர் தருவதாகவே அமையும்.

கண் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. கூம்புவிழி முதலிய நோய்களுக்குப் படலமாற்றம் நன்கு பயன்பட்டது. படலத்திற் குருதிக்கலன்கள் இல்லாமையால் ஏனைய உறுப்புகளைப்போல அது எளிதில் உடலால் நிராகரிக்கப்படவில்லை. ஆனால் சுண்ணாம்பால் வெந்த கண்களில், அதாவது எந்த வகை நோயாளியிடத்து இச்சிகிச்சை முதன்முதலில் வெற்றிபெற்றதோ அதே வகையினரிடத்து, புதிய படலம் சில மாதங்களிலேயே மீண்டும் மங்கியது. வெண்விழியைப் போர்த்துள்ள மென்சவ்வு குருதிக்கலன்களோடு அதன்மேற் படர்ந்தது. மறுபடியும் மாற்றினாலும் அதே கதிதான். மிகத் தேவையுடையோருக்கே மிகக் குறைந்த பயன் என்ற இம்முரண்பாடு பல ஆண்டுகள் விளக்கமின்றிக் கிடந்தது.

விளக்கம் மையத்தில் இருக்கவில்லை, விளிம்பில் இருந்தது. பார்வைக்கு உதவுவது படலத்தின் நடுப்பகுதி. ஆகவே மருத்துவர் அனைவரும் அதனையே நோக்கினர். கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் ஒடுங்கிய வளையத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நச்சுவாயுவினாற் கண்ணுக்கு விளையும் கேட்டை ஆராய்ந்த ஐடா மான் என்ற பெண் விஞ்ஞானி, முயலின் கண்ணிற் காயம் ஆறும்போது விளிம்பிலுள்ள நிறப்பொருள் உள்நோக்கி நகர்வதை 1944 இல் அறிவித்தார். போரின் தேவை தூண்டிய ஆய்வு போர் முடிந்ததும் மறக்கப்பட்டது. 1971 இல் நோர்வேயைச் சேர்ந்த டவாங்கரும் எவென்சனும் படலத்தின் மேலணி விளிம்பு வளையத்திலுள்ள முகிழ்களிலிருந்தே புதுப்பிக்கப்படுகிறது என்ற கருத்தை வெளியிட்டனர். 1983 இல் தொஃப்ற், பிரெண்ட் ஆகியோர் இதனை ஒரு சமன்பாடாக்கினர். அடியிற் பெருகும் கலங்களும் விளிம்பிலிருந்து நகர்ந்துவரும் கலங்களும் சேர்ந்து, மேற்பரப்பில் உதிரும் கலங்களுக்கு ஈடாகின்றன என்பதே அதன் சாரம்.

சமன்பாடு நிரூபணம் ஆகாது. நிரூபணத்தை நோக்கிய அடிகளை நியூயோர்க்கில் ருங்-ரியென் சுன்னும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்து வைத்தனர். முதிர்ந்த படலக் கலங்கள் யாவற்றிலும் காணப்படும் ஒருவகைக் கெரற்றின் புரதம், விளிம்பின் அடிக்கலங்களில் மட்டும் காணப்படவில்லை என்பதை அவர்கள் 1986 இற் காட்டினர். அக்கலங்கள் இன்னும் முதிராதவை என்பதே இதன் பொருள். 1989 இல் கொற்சறெலிஸ், லவ்கர் ஆகியோருடன் சேர்ந்து நிகழ்த்திய பரிசோதனை மேலும் நுட்பமானது. கதிர்த்தொழிற்பாடுடைய ஐதரசன் ஏற்றிய தைமிடீனை எலிகளுக்குச் செலுத்தினால், பிரிவடையும் கலங்கள் அதனை உள்ளெடுத்துக்கொள்ளும். அடிக்கடி பிரியும் கலங்களில் அக்குறி விரைவில் நீர்த்துப்போகும். அரிதாகப் பிரியும் கலங்களிலோ நெடுநாள் நிலைக்கும். வாரங்கள் கழிந்தும் குறி நிலைத்திருந்த கலங்கள் விளிம்பில் மட்டுமே காணப்பட்டன. சாதாரண வேளையில் உறங்குவனபோல இருந்து, காயம் நேர்ந்ததும் விழித்துப் பெருகும் இக்கலங்களே படலத்தின் மூலக்கலங்கள்.

இப்போது புதிர் அவிழ்ந்தது. சுண்ணாம்பு படலத்தை மட்டும் எரிக்கவில்லை, நாற்றுமேடையையும் எரித்துவிட்டது. மருத்துவர்கள் ஒட்டியதோ நடுப்பகுதியில் வெட்டியெடுத்த வட்டம். அதில் விளிம்பு இல்லை. எனவே அதன் மேற்பரப்புக் கலங்கள் ஆயுள் முடிந்து உதிர்ந்தபோது அவற்றை ஈடுசெய்ய எதுவுமில்லை. எல்லையற்றுப்போன இடத்தில் அயல் இழையம் குடியேறிற்று. சிர்மின் தொழிலாளியின் ஒரு கண்ணிலாவது விளிம்பின் ஒரு பகுதி தப்பியிருக்க வேண்டும் என்று நாம் ஊகிக்கலாம்.

அறிவு எப்போதும் செயலுக்கு முன்னே செல்வதில்லை. கொலம்பியாவிற் பணியாற்றிய ஹோசே பராக்கேர், நலமான கண்ணின் விளிம்புத் துண்டை வெந்த கண்ணுக்கு மாற்றும் முறையை 1960களின் நடுப்பகுதியிலேயே கூறியிருந்தார். கோட்பாடு அப்போது உருவாகாமையால் அவருடைய கூற்று காது கொடுக்கப்படாமற் போயிற்று. அதே காரியத்தைக் கெனியனும் செங்கும் 26 கண்களிற் செய்து 1989 இல் அறிவித்தபோது, மூலக்கலக் கோட்பாடு அதற்குப் பின்பலமாக நின்றது. உலகம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இம்முறை நலமான கண்ணிலிருந்து கணிசமான அளவு விளிம்பை வெட்டக் கோரியது. இருக்கும் ஒரு கண்ணையும் பணயம் வைக்க எத்தனை பேர் துணிவர்?

சிறு துண்டொன்றை எடுத்து வெளியிற் பெருக்கிக்கொள்ளலாம் என்பது அடுத்த கட்டம். அதற்கான நுட்பம் கண் மருத்துவத்திலிருந்து வரவில்லை. 1975 இல் றைன்வால்ட், ஹவாட் கிறீன் ஆகியோர், பிரிவடையாதபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்திய எலி நார்க்கலங்களை ஊட்டப்படுகையாக வைத்து மனிதத் தோற் கலங்களை வளர்க்கக் கற்றனர். 1980களில் இவ்வாறு வளர்த்த தோல் கடுந்தீக்காயமுற்ற சிறுவரைக் காப்பாற்றப் பயன்பட்டது. 1997 இல் இத்தாலியரான கிறாசியெல்லா பெலெகிறினி, மிக்கேலே டி லூக்கா முதலியோர் நலமான கண்ணிலிருந்து ஒரு சதுர மில்லிமீற்றர் அளவான துண்டை எடுத்து, அதே முறையில் வளர்த்து, காரத்தால் வெந்த இருவரின் கண்களை மூடினர். 2010 இல் 112 நோயாளிகள் பற்றிய அறிக்கை வெளிவந்தது. 76.6 வீதமானோரில் வெற்றி கிட்டியிருந்தது. வளர்ப்பிலுள்ள கலங்களில் p63 என்ற புரதத்தை மிகுதியாகக் கொண்டவை 3 வீதத்துக்கு மேலிருந்தால் வெற்றி வாய்ப்புப் பன்மடங்கு உயர்ந்தது. எண்ணிக்கையன்று, மூலக்கலங்களின் விகிதமே நிலைபேற்றை நிர்ணயிக்கிறது என்பதற்கு இது தக்க ஆதாரம்.

'மூலக்கலம்' என்ற சொல் ஒரு மந்திரமாக மாறிவிட்ட காலத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் கொழுப்பிழையத்திலிருந்து பெற்ற 'மூலக்கலங்களை' விழித்திரை நோய்க்கெனக் கண்ணுக்குள் ஊசியேற்றியதால் மூன்று பெண்கள் பார்வையைப் பெரிதும் இழந்த செய்தி 2017 இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. விளிம்புக் கலம் படலத்தை உண்டாக்குவது அதன் இயற்கைத் தொழில். வயிற்றுக் கொழுப்பின் கலத்துக்கு விழித்திரையில் அவ்வாறான தொழில் எதுவும் இல்லை. முதலது விஞ்ஞானம், இரண்டாவது வியாபாரம்.

கோட்பாட்டளவில் யாவும் முடிந்துவிட்டன என்று சொல்வதற்குமில்லை. 2008 இல் மாஜோ, பராண்டன் முதலியோர், மூலக்கல இயல்புடையவை படலத்தின் நடுப்பகுதியிலும் உள்ளன என்று விலங்கு ஆய்வுகளைக் காட்டி வாதிட்டனர். விளிம்புக் கோட்பாட்டினர் மறுத்தனர். இதைவிட வியப்பூட்டுவது 2005 இல் வெளிவந்த ஓர் அவதானிப்பு. பிறர் கண்ணிலிருந்து பெற்று வளர்த்த கலங்களால் நலமடைந்த நோயாளிகளிடம் சில மாதங்களின் பின் தேடியபோது, கொடையாளியின் டீ.என்.ஏ. தென்படவில்லை, கண்ணோ நலமாகவே இருந்தது. வந்த கலங்கள் தாமே குடியமர்ந்தனவா, அன்றி உறங்கிக்கிடந்த சொந்தக் கலங்களை எழுப்பிவிட்டுச் சென்றனவா? இரண்டாவது விடை பிறர் கலங்களைப் பொறுத்தவரை பொருந்துவதாகவே எமக்குத் தோன்றுகிறது.

இத்தாலிய முறை 2015 பெப்ரவரியில் 'ஹொலோக்கிளார்' என்ற பெயருடன் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிபந்தனையுடனான அனுமதியைப் பெற்றது. மூலக்கலம் கொண்ட சிகிச்சைப் பொருளொன்று அங்கு அனுமதிபெற்றது அதுவே முதற்றடவை. இங்கு நாம் ஒரு பண்பு மாற்றத்தைக் காண்கிறோம். நோயாளியின் சொந்தக் கலம், அவருக்காகவே வளர்க்கப்பட்டு, ஒரு மருந்துப் பண்டமாகி அவரிடமே திரும்புகிறது. எலிக் கலமும் கன்றின் குருதிநீரும் சேர்வதால் உயர்தரத் தூய அறைகளும் கடுமையான சோதனைகளும் இன்றியமையாதனவாகின்றன. விலையும் அதற்கேற்ப உயர்கிறது. நோயாளர் தொகையோ சிறியது. இலாபக் கணக்கு ஒத்துவராதபோது என்ன நிகழும் என்பதையும் இவ்வரலாறே காட்டிற்று. 2022 இல் பங்காளியான மருந்து நிறுவனம் விலகிக்கொண்டது. மொடெனா நகரின் உற்பத்தி நிலையம் மூடப்படும் நிலைக்கு வந்தது. இறுதியில் அரசு சார்ந்த அமைப்பொன்று கைகொடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கு எதிர்முனையில் ஐதராபாத் நிற்கிறது. அங்கு 1987 இற் தொடங்கப்பட்ட எல். வி. பிரசாத் கண் நிறுவனத்தில் விரேந்தர் சங்வானும் அவரது குழுவினரும் முதலில் ஆய்வுகூட வளர்ப்பு முறையையே கைக்கொண்டு இருநூறு கண்களுக்குச் சிகிச்சையளித்தனர். பின்னர் அவர்கள் எழுப்பிய வினா எளிமையானது: கலத்தைக் கண்ணுக்கு வெளியே ஏன் வளர்க்கவேண்டும்? 2012 இல் வெளியிட்ட முறையில், நலமான கண்ணிலிருந்து 2 மில்லிமீற்றர் நீள அகலமுள்ள துண்டொன்று எடுக்கப்படுகிறது. வெந்த கண்ணின்மேற் படர்ந்த அயற்சவ்வை நீக்கி, மகப்பேற்றின்போது பெற்றுப் பேணிய பனிக்குடச் சவ்வை விரித்து, அத்துண்டைப் பத்தளவான நுண்துணுக்குகளாக நறுக்கி, பைபிரின் பசையால் நடுவைத் தவிர்த்து வட்டமாகப் பதிக்கின்றனர். நாற்றுப் பதிப்பதுபோல என்று உழவர் எவரும் சொல்லிவிடுவர். ஆய்வுகூடம் வேண்டியதில்லை, எலிக் கலம் வேண்டியதில்லை, கண்ணே வளர்ப்புத்தட்டு ஆகிறது. 2016 இல் 125 கண்கள் பற்றிய அறிக்கை 76 வீத வெற்றியைத் தந்தது. இரு அறிக்கைகளின் நோயாளரும் அளவுகோல்களும் ஒன்றல்லவாதலால் இவ்விரு எண்களையும் நேருக்குநேர் நிறுத்திவிடக்கூடாது. ஆயினும் வளம் குறைந்த சூழலின் நெருக்குதல் ஒரு குறைபாடாக மட்டுமன்றி, கருத்தாக்கத்தின் ஊற்றாகவும் அமைய முடியும் என்பதை அவை உணர்த்தாமல் இல்லை.

இம்முறைகள் யாவும் ஒரு கண்ணேனும் நலமாயிருக்கும் என்ற நிபந்தனையின் மீது நிற்கின்றன. இரு கண்களும் வெந்தோருக்கு? பிறர் விளிம்பைப் பெற்றால் அங்கே குருதிக்கலன்கள் உள்ளமையால் நிராகரிப்பு எழுகிறது. நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகளை நெடுங்காலம் உண்ணவேண்டும். 2004 இல் ஒசாக்காவில் கொஹ்ஜி நிஷிதாவும் அவரது குழுவினரும் நோயாளியின் வாயின் உட்சவ்விலிருந்தே கலத்தாள் வளர்த்து நால்வருக்குப் பொருத்தினர். பின்னர் யமனாக்கா 2006 இல் எலியிலும் 2007 இல் மனிதரிலும் முதிர்ந்த கலத்தைப் பன்முக ஆற்றலுடைய நிலைக்கு மீட்ட முறையைப் பயன்படுத்தி, அதே ஒசாக்காக் குழு படல மேலணியை உண்டாக்கியது. 2019 முதல் நால்வருக்கு அது பொருத்தப்பட்டது. ஈராண்டுக் காலத்தில் பாரதூரமான தீங்கு எதுவும் நேரவில்லை என்ற அறிக்கை 2024 நவம்பரில் வெளிவந்தது. நால்வர் என்ற எண்ணைச் செய்தித்தாள்கள் மறந்துவிடுவது வழக்கம்.

இவை இறந்தோரின் கண்ணைத் தேவையற்றதாக்கிவிட்டன எனக் கருதுவதும் தவறு. மூலக்கலம் புதுப்பிப்பது மேலணியை மட்டுமே. அதன் கீழுள்ள தடித்த இழையம் ஆழமாக வடுப்பட்டிருந்தால், மேற்பரப்பு சீரான பின்னர் கொடையாகப் பெற்ற படலத்தையே பொருத்தவேண்டும். விளிம்பு உயிர்பெற்ற கண்ணில் அப்படலம் முன்னைப்போல மங்காமல் நிலைக்கும் வாய்ப்பு உயர்கிறது. ஒடேசாவின் குளிர்ப்பேழையும் ஐதராபாத்தின் நுண்துணுக்கும் ஒரே கண்ணில் அடுத்தடுத்து வேலை செய்கின்றன.

சுண்ணாம்புக்கு மீண்டும் வரவேண்டியுள்ளது. வெற்றிலைக்கும் புகையிலைக்கும் உரிய சுண்ணாம்பு மெல்லிய பிளாத்திக்குப் பைகளில் அடைத்து விற்கப்படுவதையும், சிறுவர் அவற்றை அமுக்கி விளையாடும்போது வெடித்துக் கண்ணிற் தெறிப்பதையும் இந்தியக் கண் மருத்துவர்கள் 2000களிலிருந்தே மருத்துவ ஏடுகளில் எழுதி வந்துள்ளனர். அவ்வாறு வெந்த கண்ணுக்கு முதற் சிகிச்சை அவ்விடத்திலேயே நெடுநேரம் தூய நீரால் அலசுவது. மூலக்கலத்தைக் காப்பது அந்த முதற் சில நிமிடங்களே. பையின் தடிப்பை மாற்றுவதற்கு ஆய்வுகூடமோ சத்திரசிகிச்சையோ தேவைப்படாது. உற்பத்தியாளர் மீது ஒரு சட்டம் தேவைப்படும்.